வாரத்து ஆடுகளும் பத்து மீட்டரும்

கட்டின பணம் திரும்ப வராது என்று அந்த ரேஞ்சில் ஒரு போர்டு மாட்டியிருந்தார்கள். என் வாழ்க்கையில் ஏர் பிஸ்டல் நுழைந்ததற்கு அந்தப் போர்டுதான் காரணம். சின்ன வயசுக் கனவு, விளையாட்டு வெறி என்றெல்லாம் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை.

மகள் அப்போது எட்டாம் வகுப்பு. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி சேர்ந்துவிட்டாள் என்று இவளும் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று அடம் பிடித்தாள். பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் பஸ். அங்கே ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான ஹால். அதுதான் ரேஞ்ச். மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். சில நாளிலேயே அந்தத் தோழி நின்றுவிட்டாள். மறுநாளே இவளுக்குக் கை வலி வந்துவிட்டது. நான் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கோச் போர்டைக் காட்டினார்.

"அப்ப மீதி நாளுக்கு நான் சுடறனுங்க சார்," என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், சிரிக்கத் தெரியாதவர். "புடவையிலயா மேடம்?" என்று கேட்டார். "சுடிதார் இருக்குதுங்க," என்றேன். அடுத்த சனிக்கிழமை போய் நின்றுவிட்டேன். கட்டின காசு வீணாகக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. ஹோட்டலில் இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற ஜாதி நான்.

ஏர் பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் உடம்பு ஆடாது. என் சுடிதாரில் பாக்கெட் ஏது? வீட்டுக்கு வந்து எல்லா டாப்புக்கும் பக்கத்தில் ஜோபி வைத்துத் தைத்தேன். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, நடுவில் கறுப்பு வட்டம். அட்டையைப் பார்க்கக் கூடாது, துப்பாக்கி நுனியைத்தான் பார்க்க வேண்டும் என்றார் கோச். நுனி தெளிவாகத் தெரிந்தால் அட்டை மங்கிவிடும். மங்கட்டும் என்றார்.

அட்டை மங்கியபோது கூடவே எல்லாம் மங்கியது. நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பீஸ் கட்டாத பெற்றோர்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவது என் வேலைகளில் ஒன்று. வீட்டுக்காரர் குட்டியானை வண்டி வைத்து, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறார். மகளுக்குக் கீழே ஒரு பையன். காலையில் கண் விழித்ததிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பத்து மீட்டரில் மட்டும் எனக்கு யார் குரலும் கேட்கவில்லை. டப் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான் என்று புரிய அதகபாடி தாண்ட வேண்டியிருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. கட்டின பணம் தீர்ந்தது. ஆசை தீரவில்லை.

இனிமேல்தான் உண்மையான வம்பு. இது ஏழைகளின் விளையாட்டு இல்லை. குண்டு டப்பா டப்பாவாகத் தீரும். அதிலும் பயிற்சிக்கு ஒரு ரகம், போட்டிக்கு ஒரு ரகம். அட்டைக்குக் காசு, ரேஞ்சில் நிற்கக் காசு, போட்டிக்குப் பெயர் கொடுக்கக் காசு, போய்வரக் காசு. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கத்துகிறவரும் இல்லை. குண்டு டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இது சுட்டா திரும்ப வருமா?"

"வராதுங்க."

"டீசல் போட்டாலாச்சும் தருமபுரி போயிட்டு வரலாம்," என்றார்.

நான் அன்றைக்கே ஒரு விதி போட்டேன். அவர் போடவில்லை, நான்தான் போட்டேன். வீட்டுக் காசில் ஒரு ரூபாய்கூட இதற்கு எடுக்கமாட்டேன். என் சம்பளம், அவர் வண்டி வருமானம், பிள்ளைகள் பேரில் இருக்கிறது, எதிலும் கை வைக்கமாட்டேன். வேறு வழியில் சம்பாதித்துச் சுடுவேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். இதை நான் சத்தமாகச் சொன்னபோது மகன் மட்டும் கை தட்டினான். அவனுக்கு விஷயம் புரிந்து தட்டினானா என்று தெரியாது.

வேறு வழி என்பது ஆடு.

தீபாவளிச் சீர் என்று அம்மா வீட்டில் புடவைக்குக் கொடுத்த பணத்தில் புடவை எடுக்காமல் இரண்டு பெட்டை ஆடு வாங்கினேன். ஆட்டை நான் எங்கே மேய்ப்பது? எங்கள் வீட்டை ஒட்டியே வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓரகத்தி உறவு ஊரில் எப்படி இருக்குமோ அப்படித்தான் நாங்களும். ஒரு நாள் குழம்பு கொடுத்து வாங்குவோம், ஒரு நாள் கதவைப் படீரென்று சாத்துவோம். அக்காவுக்கு ஆடு என்றால் உயிர். அவரிடம் வாரத்துக்கு விட்டேன். ஆடு என்னுடையது, மேய்ப்பு அவருடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. இதுதான் வாரம். பங்கு பிரிப்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அக்கா பெட்டைக் குட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்வார், மந்தை பெருக வேண்டுமே. நான் கடாக்குட்டி எடுப்பேன். வளர்ந்தால் விற்கலாம், விற்றால் குண்டு வாங்கலாம்.

இப்படித்தான் ஓடியது. ஒரு கடா போனால் சில மாதத்துக்குச் சுடலாம். அது தீருவதற்குள் அடுத்த ஈற்று வர வேண்டும். இடையில் குண்டு தீர்ந்துவிட்டால் வீட்டில் வெறும் பயிற்சி. படுக்கையறைச் சுவரில் பெரிய கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவேன். நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தால் பத்து மீட்டர் அட்டை மாதிரியே இருக்கும். கையில் துப்பாக்கி இல்லாததால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிடித்து நீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை என் அண்ணன் ஊரிலிருந்து வந்தவர், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கச்சிக்கு உடம்புக்கு ஏதாவதா என்று வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்தார்.

ஊருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் காட்டுப்பன்றிதான். எங்கள் பக்கம் காடு ஒட்டிய கொல்லைகள், கடலைக்காய் போட்டால் பன்றிக்குத்தான் முதல் அறுவடை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். "ஒரு நாளைக்கி மட்டும் எடுத்துட்டு வாம்மா, நாங்க வெளிச்சம் அடிக்கறம்," என்றார் ஒரு பெரியவர். பன்றியைச் சுட்டால் ஜெயில் என்றேன். நம்பவில்லை. இந்தத் துப்பாக்கியால் சுட்டால் பன்றி திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் என்றேன். அதை நம்பினார்கள். "அப்பறம் என்னாத்துக்கு இம்புட்டு செலவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோயிலுக்குப் போகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாநிலப் போட்டிக்குப் போனேன். பதக்கம் வாங்கும் நினைப்பெல்லாம் இல்லை. ஒரு தகுதி மார்க் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் அடுத்த கட்டப் போட்டிக்குப் பெயர் போகும். அதுதான் எனக்கு வேண்டியது. நான் சுட்டது ரேஞ்சை நடத்துகிற சங்கத்துப் பிஸ்டலில். அதன் பிடி பெரிய கைக்குச் செய்தது. என் கை அதற்குள் தொளதொளவென்று இருக்கும், துணி சுற்றிப் பிடிப்பேன். மார்க்கைத் தொட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு தோசைக்கு அரைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் கோச் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். ரேஞ்சில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இனிச் சங்கத்துப் பிஸ்டல் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்கள் சொந்தமாக வைத்திருந்தால் சுடலாம், இல்லாவிட்டால் இடமில்லை. நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது. பள்ளி அலுவலகத்தில் பீஸ் கட்டாதவர்களிடம் நானும் இதே குரலில்தான் பேசுவேன். அன்றைக்குத்தான் அந்தக் குரல் எதிர்ப்பக்கம் எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.

சொந்தப் பிஸ்டல் என்பது என் கணக்குக்கு எட்டாத விலை. ஆனால் கோச் ஒரு தகவலும் சொன்னார். சேலத்தில் ஒரு டாக்டரம்மா சுடுவதை நிறுத்திவிட்டார், அவருடைய பிஸ்டல் விலைக்கு வருகிறது. சேலம் போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தார். என் விரல்கள் தாமாகவே அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. என் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அந்த அம்மாவும் என்னைப் போலக் குட்டையான ஆள்தான். "பொங்கல் வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது, இன்னொருத்தர் கேட்டிருக்காங்க," என்றார்.

முக்கால்வாசிப் பணம் என்னிடம் சேர்ந்திருந்தது, எல்லாம் குண்டுக்குப் போக மிஞ்சிய ஆட்டுக் காசும் அதைப் போட்டுக் கட்டிய சீட்டும். மீதிக்கு அக்காவின் கொட்டகையில் ஒரு கடா நின்றது. என் பங்கில் வந்த கடாக்களிலேயே பெரியது. நெற்றியில் வெள்ளை, மற்றபடி கரி நிறம். பொங்கல் முடிந்து ஊரே கறி சமைக்கிற கரிநாளுக்கு முன்னால் கடா விலை ஏறும். மார்கழி கடைசியில் விற்றால் சரியாக இருக்கும். தை பிறந்து சில வாரத்தில் மாநிலப் போட்டி. பிஸ்டல் கைக்கு வந்தால் பெயர் கொடுக்கலாம். வராவிட்டால் இந்தப் போட்டி மட்டுமில்லை, ரேஞ்சுக்கே போக முடியாது. எல்லாம் அந்தக் கடாவின் முதுகில் இருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பொருள் கைக்கு வருமுன் வெளியே சொன்னால் அது வராமலே போய்விடும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வண்டி வாங்கியபோதும், அது வாசலில் வந்து நின்ற பிறகுதான் என் அம்மாவுக்கே சொன்னோம்.

ஆட்டு வியாபாரி ஒருவரை நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். கடாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இடுப்பைப் பிடித்துத் தூக்கி எடை பார்க்கப் போனவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார். கடாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

"சாமிக்கு உட்டதாட்டம் இருக்குதுங்க. எனக்கு வேணாமுங்க," என்றார்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, ஈரக் கையோடு வந்தார்.

"யாருக்கா இதக் கட்டுனது?"

"நாந்தான்."

"என்னாத்துக்குங்க்கா?"

"உனக்கோசரந்தான்," என்றார் அக்கா. "போன வாட்டி வந்து, கொழாயத் தொறந்து உட்டுட்டு அழுதியே, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? ஒரே செவுருதான நடுவால. முனியப்பன்கிட்ட சொல்லியிருக்கறன், இந்த வாட்டி நீ தேறிட்டா கடா வெட்டறன்னு."

"அக்கா, இந்தக் கடாவ வித்துத்தான் பிஸ்டலே வாங்கணும். பிஸ்டல் இருந்தாத்தான் போட்டிக்கே போவ முடியும்."

"அத எங்கிட்ட யாரு சொன்னா?"

"நீங்க வேண்டிக்கிட்டத எங்கிட்ட யாரு சொன்னா?"

"வேண்டுதலையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா?"

"அதுக்கு எம் பங்குக் கடாதான் கெடைச்சுதா? உங்க பங்குல வேண்டியிருக்கலாமில்லீங்க?"

"எம் பங்குல கடா ஏது? எல்லாம் பொட்டை. முனியப்பனுக்குப் பொட்டையா வெட்டுவாங்க?"

வியாபாரி ஆமாம் என்று தலையாட்டினார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. நான் தேற வேண்டும் என்று நேர்ந்த கடா இருக்கிற வரைக்கும் நான் தேற முடியாது. அக்காவிடம் நான் அன்று பேசிய மற்ற வார்த்தைகளை இங்கே எழுதப்போவதில்லை. என் பிழைப்பில் எதற்கு மூக்கை நுழைக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அக்கா மீதிப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டார்.

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். கை கழுவிவிட்டு வந்து பீரோ சாவியை என் முன்னால் வைத்தார்.

"வண்டி எஃப்.சி.க்கு வெச்ச காசு இருக்குது. எடுத்துக்க. அடுத்த மாசம் எப்பிடியாச்சும் பாத்துக்கலாம்."

பொய் சொல்லமாட்டேன், சாவியைக் கையில் எடுத்தேன். பீரோ வரைக்கும் போனேன். எஃப்.சி. சான்று இல்லாமல் வண்டி ரோட்டில் போனால் பிடிப்பார்கள். பிடித்தால் தக்காளி அழுகும். அந்தக் காசில் சுட்டால் ஒவ்வொரு குண்டும் இவருடைய டயரில் இறங்குகிற மாதிரிதான் எனக்கு இருக்கும். திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன்.

"வேணாங்க. வண்டி நின்னா நாலு பேரும் நிக்கணும். நான் மட்டும் நின்னா போதும்."

"அப்ப உட்டுட்டியா?"

"உடலீங்க," என்றேன். "முனியப்பன்கிட்டயே கேக்கறன்."

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. மறுநாளே பூசாரியைப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை, எனக்கு மாமா. நேர்ந்த கடாவை மீட்க வழி உண்டா என்று கேட்டேன். வெற்றிலையை மென்றபடி யோசித்தார்.

"நாம வேணாங்க முடியாதும்மா. சாமி வேணாங்கலாம். கடாவக் கூட்டியாங்க. தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்கலாம். மூணு வாட்டி ஊத்துவேன். ஒடம்ப ஒதறுச்சுன்னா சாமி வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம், அப்பறம் பேச்சில்ல. ஒதறலன்னா கயித்த அவுத்துக்கலாம்."

"எல்லா ஆடும் ஒதறுமேங்க மாமா."

"அதான் சொல்றன், சாமி விசயம்," என்றார்.

அக்காவிடம் வீட்டுக்காரர்தான் போய்ச் சொன்னார். வேண்டியது வேண்டியதுதான், நான் வரமாட்டேன் என்றாராம். செவ்வாய்க்கிழமை காலை நான் கடாவை அவிழ்க்கக் கொட்டகைக்குப் போனபோது, அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்ட, கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தார். நாங்கள் பேசிப் பல நாளாகியிருந்தது.

முனியப்பன் கோயில் எங்கள் கொல்லைகளுக்கு அந்தப் பக்கம், புளிய மரத்தடியில். பூசாரி, நான், வீட்டுக்காரர், அக்கா, கடா. வேறு யாரும் இல்லை. அக்கா கடாவின் தலைப்பக்கம் நின்று கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டார். பூசாரி கற்பூரம் காட்டினார். மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்ட சொம்பை எடுத்தார். நான் கைகூப்பி நின்றேன். உள்ளுக்குள் சாமியை வேண்டவில்லை, கடாவைத்தான் வேண்டினேன். ஆடாதே, ஆடாதே என்று. கோட்டில் நின்று விசையை அழுத்தும் முன் மூச்சை எப்படி நிறுத்துவேனோ அப்படி நிறுத்தியிருந்தேன்.

முதல் தண்ணீர் தலையிலிருந்து முதுகு வழியாக ஓடியது. கடா ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. உதறவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குளிர்ந்த தண்ணீர், மார்கழிக் காலை. எந்த ஆடாக இருந்தாலும் இந்நேரம் சிலிர்த்து உதறி எங்கள் எல்லோர் மேலும் தெளித்திருக்க வேண்டும். இரண்டாவது தண்ணீர் ஊற்றும்போதுதான் அக்காவின் கையைப் பார்த்தேன். கடாவின் தலையை அணைத்துப் பிடித்தது போல, இரண்டு காதையும் மடக்கித் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார். கட்டைவிரல் கொம்புக்கு நடுவில் மெதுவாகச் சொறிந்துகொண்டிருந்தது. ஆடு உதறுவது காதில் தண்ணீர் போகும்போதுதான். கொம்புக்கு நடுவில் சொறிந்தால் அந்தக் கடா தூங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது பயப்படுகிற பிராணியைத் தடவிக்கொடுப்பது போலத்தான் இருக்கும்.

பூசாரியும் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார், பிறகு புளிய மரத்தின் உச்சியைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தபடியே மூன்றாவது சொம்பை ஊற்றினார்.

"வேணாங்குது. கயித்த அவுத்துக்கம்மா," என்றார்.

மஞ்சள் கயிற்றை அக்காவே அவிழ்த்து, சூலத்தில் கட்டிவிட்டு, கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் முன்னால் கடாவைப் பிடித்துக்கொண்டு போனார். நானும் அக்காவும் பின்னால். நான்தான் முதலில் பேசினேன்.

"காத ஏங்க்கா பொத்துனீங்க?"

"ஈ உக்காந்துச்சு," என்றார்.

கொஞ்ச தூரம் போனோம். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கை காட்டி நிறுத்தினார்.

"ஒன்னும் பேசாத. சாமிகிட்ட சொல்லி வெச்சது போச்சு. இனிமே உனக்குத் தொணைக்கு யாரும் கெடையாது. போயி ஒழுங்காச் சுடு."

கடா விற்றது. பொங்கலுக்கு முன்னால் சேலம் போய்ப் பிஸ்டலை வாங்கி வந்தேன். விதி மீறவில்லை, வீட்டுக் காசு ஒரு ரூபாய் அதில் இல்லை. பெட்டியைத் திறந்து காட்டியபோது வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "கடா கனம் இல்லியே," என்றார். மகள் அதைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கை வலி ஒன்றும் வரவில்லை.

அக்கா மட்டும் வந்து பார்க்கவில்லை. கரிநாளன்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில்தான் கறி வெந்தது. அக்கா வயிறு சரியில்லை என்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வயிறு சரியில்லை. செவ்வாய்தோறும் விடியுமுன் எழுந்து, ஈரத் தலையோடு புளிய மரத்துப் பக்கம் போய்வருவதைப் பார்த்தேன். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பயந்து போயிருந்தார். எனக்காகச் சாமியை ஏமாற்றிவிட்டு, அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான், காலையும் மாலையும் பொட்டுக்கு முன்னால் நின்றேன். இப்போது கையில் உப்புப் பாக்கெட் இல்லை.

மாநிலப் போட்டியில் நன்றாகத்தான் சுட்டேன். போன தடவையைவிட எவ்வளவோ மேல். நடுவில் பத்துக் குண்டு வரிசை ஒன்றில் மட்டும் கை குளிர்ந்து குறி தவறியது. தகுதி மார்க்குக்கு இரண்டு பாயிண்ட் குறைவு. இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட்டு அழவில்லை. பஸ்ஸிலேயே அடுத்த வருஷத்துக்கு எத்தனை டப்பா குண்டு வேண்டும், எத்தனை குட்டி விற்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பையை வைத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகையில் குட்டிகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"தேறிட்டியா?"

"இல்லீங்க்கா. ரெண்டு பாயிண்ட்ல போச்சு."

அக்கா தழையைக் கீழே வைத்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் மெதுவாக வேறு ஏதோ வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"நீ தேறுனாத்தான கடா வெட்டறன்னு சொன்னேன்?"

"ஆமாங்க."

"நீதான் தேறலியே. அப்ப முனியப்பனுக்கு நாம ஒன்னும் குடுக்கத் தேவையில்ல. கடா கொட்டாயிலயே நின்னுருந்தாலும் வெட்டியிருக்க மாட்டோம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தன நாளா எனக்குச் சோறு எறங்கல தெரியுமா?"

நான் தோற்றதில் ஒருவருக்கு இத்தனை நிம்மதி வரும் என்று நினைத்ததே இல்லை. கோபம் வரவில்லை, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு குட்டி வந்து என் சுடிதார் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கேட்டேன்.

"அடுத்த வருசமும் போவேங்க்கா. அப்ப தேறிட்டா?"

அக்கா எழுந்தார். தழையை எடுத்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

"நீ தேறு," என்றார். "முனியப்பன்கிட்ட நான் பேசிக்கறன்."